வரி வந்தது, சாக்கடை எப்போது?

சென்னையின் பழைய பகுதிகளில் 1998க்குப் பிறகு 2022இல்தான் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 50 சதவீதம். 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150. சிறிய வீட்டுக்குக் குறைவாக ஏற்றியது நியாயமான முடிவு.

புறநகரின் கதை வேறு. 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியோடு இணைந்தன. அங்கே 2022 உயர்வு 25 முதல் 100 சதவீதம் வரை. ஆனால் பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்கள் பல. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரிக்குப் போன் செய்ய வேண்டும். தடித்த குழாய் வாசலைத் தாண்டி உள்ளே வரும், தெருவெல்லாம் நாறும், கைக்காசு கரையும். வரி ரசீதில் வராத இரண்டாவது வரி இது.

கட்டிய வரி எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? எந்த வார்டில் எவ்வளவு வரி வசூலானது, எவ்வளவு செலவானது என்பதைப் பகுதி சபைக் கூட்டங்களில் கவுன்சிலர்கள் வாசித்துக்காட்ட வேண்டும். மக்களும் தவறாமல் போய்க் கேட்க வேண்டும்.