ராட்டைக்கு மாலை எதற்கு?

போன ஞாயிறு லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிவிட்டுத் திரும்பும்போது, லேக் கார்டன்ஸில் எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் டீ குடிக்கக் கூப்பிட்டார். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் பாட்டியின் மர ராட்டை. மேலே செவ்வந்தி மாலை! “தாதா, தொட்டுப் பார்க்கலாமா?” என்றேன். தயங்கித்தான் திறந்தார்.

என்ன ஒரு வேலை தெரியுமா! சக்கரத்துக்கு விளிம்பே இல்லை. குடத்தின் இரு பக்கமும் ஆரக்கால்கள், அவற்றின் நுனிகளை மாற்றி மாற்றி இழுத்துக் கட்டிய கயிறு. அந்தக் கயிற்றின் மேல்தான் கதிரைச் சுழற்றும் கயிறு ஓடும். மரத்தை வட்டமாக வளைக்க வேண்டாம். மழையில் மரம் உப்பினால் கயிற்றைத் திரும்ப இறுக்கிக் கட்டினால் போதும். ஊர்த் தச்சரே செய்துவிடலாம். ஆனால் இரும்புக் கதிர் மயிரிழை கோணினாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இதில் கோணித்தான் இருந்தது.

பெரியவர் தாகூர் பக்தர். 1925-ல் ‘மாடர்ன் ரிவ்யூ’வில் தாகூர் ராட்டை வழிபாட்டைச் சாடி எழுதியதைச் சொல்லி, “அன்றே சொல்லிவிட்டார்” என்றார். (மாலை போட்டவரும் இவரேதான் :-))

என் கட்சி வேறு. ராட்டையை அப்படியே வைத்துக் கும்பிடச் சொன்னவரில்லை காந்தி. இது போதாது என்று அவருக்கே தெரியும். 1929-ல் அகில இந்திய நூற்போர் சங்கம் நல்ல ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. குடிசையில் ஒரு பெண் பெரிய சிரமமில்லாமல் எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், அதில் 16,000 அடி நூல் வர வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, 20 வருடம் உழைக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் இடத்தில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் ஸ்பெசிஃபிகேஷன் எழுதி நான் பார்த்ததில்லை. பரிசு கடைசிவரை யாருக்கும் போகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை நம்மூருக்கு வந்தது. ஆலையின் நூற்பு முறையைச் சிறிதாக்கி, ஒரே கைப்பிடியில் பல கதிர்கள் சுற்றும்படி செய்தவர் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். அம்பர் சர்க்கா என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். சொன்னால் பெரியவர் நம்பவில்லை. நம்மாட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவிநாசிப் பக்கம் என் அத்தை அம்பரில்தான் நூற்றார். சிட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு உருளை தேய்ந்தால் மெக்கானிக் வரும்வரை வாரக்கணக்கில் சும்மா உட்கார வேண்டும், அந்த வாரங்களுக்குக் கூலி கிடையாது. பழைய மர ராட்டையை அவரே கயிறு மாற்றி ஓட்டியிருப்பார், ஆனால் அதில் பாதிக் கூலிகூட வராது. அதிக நூலும் வேண்டும், ரிப்பேரும் நூற்பவர் கையிலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத் தரும் ராட்டைக்காக அல்லவா நாம் சண்டை போட்டிருக்க வேண்டும்? நாம் மாலை வாங்கப் போய்விட்டோம்.

கதிரைக் கழற்றி வாங்கி வந்திருக்கிறேன். தெருமுனை லேத்துக்காரர் புதன்கிழமை நிமிர்த்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.