தலைவர் மாறினார், சேற்றில் நின்றவர்களுக்கு யார் பொறுப்பு?

பத்திரிகை அலுவலகங்களின் வர்த்தகப் பக்கத்துக்கு வந்து குவியும் கம்பனி அறிக்கைகளைப் பல வருடங்களாக வாசித்தவர்களுக்கு ஒரு வழமை நன்கு பரிச்சயமானது. நல்ல வருடமாக இருந்தால் அறிக்கை இலாபத்துடன் தொடங்கும். கெட்ட வருடமாக இருந்தால் புதிய பிரதம நிறைவேற்று அதிகாரியின் புகைப்படத்துடன் தொடங்கும். நட்டம் எவ்வாறு ஏற்பட்டது, அதை யார் சுமந்தார்கள் என்பவை பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் புதைந்து கிடக்கும். தலைமை மாற்றத்தையே பரிகாரமாக எண்ணிக்கொள்ளுமாறு வாசகன் மறைமுகமாக வேண்டப்படுகிறான். செய்தியாளர்களாகிய நாமும் புகைப்படத்தைப் பிரசுரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இந்த வழமை எவ்வளவு பிழையானது என்பதை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்காவின் எஸ்.எஃப்.எக்ஸ். என்டர்டெயின்மன்ட் என்ற இசைவிழாக் கம்பனியின் கதையை விடச் சிறந்த உதாரணம் இல்லை எனலாம்.

அந்தக் கம்பனியை உருவாக்கியவர் ரொபர்ட் சில்லர்மன். 1990களில் அமெரிக்காவின் நகரங்களில் தனித்தனியாக இயங்கிவந்த இசைநிகழ்ச்சி அமைப்பாளர்களை ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வாங்கி ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தவர் அவர். அவ்வாறு உருவான முதலாவது எஸ்.எஃப்.எக்ஸ். கம்பனியை 2000ஆம் ஆண்டில், கடன்களையும் உள்ளடக்கிச் சுமார் 440 கோடி டொலர் மதிப்பில், கிளியர் சனல் நிறுவனத்துக்கு விற்றார். அந்தப் பிரிவே 2005இல் தனியாகப் பிரிந்து லைவ் நேஷன் ஆனது. 2010இல் அது டிக்கெட்மாஸ்டருடன் இணைந்தது. உலகின் மிகப் பெரிய இசைநிகழ்ச்சி நிறுவனத்தின் பூர்வீகம் சில்லர்மனின் கொள்வனவுப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஒருமுறை பலித்த வித்தையை அவர் மீண்டும் செய்துபார்க்க விரும்பினார். 2012இல் அதே பெயரில் இரண்டாவது கம்பனியைத் தொடங்கினார். இம்முறை இலக்கு இளைஞர்களை இலட்சக்கணக்கில் ஈர்த்துக்கொண்டிருந்த மின்னணு நடன இசை. நெதர்லாந்தின் ஐடி அன்ட் டி, நியூயோர்க்கின் இலெக்ட்ரிக் ஸூ விழாவை நடத்திய கம்பனி, இணையத்தில் இசை விற்கும் பீட்போர்ட் என்று கொள்வனவுகள் தொடர்ந்தன. 2013 ஒக்டோபரில் பங்கு ஒன்று 13 டொலர் வீதம் பங்குச்சந்தையில் 26 கோடி டொலர் திரட்டப்பட்டது. இந்தப் பணமும் கடனாகப் பெற்ற பணமும் விழாக்களை வாங்குவதற்கே பெருமளவில் செலவாகின. வாங்கிய விழாக்களை நன்றாக நடத்துவது இரண்டாம்பட்சமாகிப் போனது.

2015ஆம் ஆண்டில் கணக்கு தீர்க்கும் வேளை வந்தது. கம்பனியின் பங்குகளைத் திரும்ப வாங்கி அதைத் தனியார் உடைமையாக்குவதற்குச் சில்லர்மன் மேற்கொண்ட முயற்சி தோல்வி கண்டது. அந்த இழுபறிக்கு மத்தியில், ஓகஸ்ட் மாதத்தில், பீட்போர்ட் ஊடாகத் தமது இசையை விற்றுவந்த சிறிய இசைத்தட்டு நிறுவனங்களுக்குச் சேரவேண்டிய கொடுப்பனவுகள் முடக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பின்னரே பணம் வழங்கப்படும் என்ற உறுதிமொழி வந்தது. இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. விற்பனையான இசையில் படைப்பாளியின் பங்கு ஒருபோதும் கம்பனியின் பணம் அல்ல. உரியவரிடம் சேர்ப்பிக்கும் வரை கையில் வைத்திருக்க வேண்டிய பணம் அது.

மறுமாதம் ஜோர்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு அப்பால் உள்ள சட்டஹூச்சி ஹில்ஸ் என்ற இடத்தில் டுமாரோவேர்ல்ட் விழா நடைபெற்றது. மழை பெய்தது. விழாத் திடலும் பாதைகளும் சேறாகின. சனிக்கிழமை இரவு பார்வையாளர்களை ஏற்றிச்செல்லும் வாகனங்கள் வந்துசேர இயலாமல் போகவே, ஏராளமானோர் இருட்டில் மைல் கணக்கில் நடந்தனர். பலர் வீதியோரத்திலேயே படுத்துறங்கினர். மூன்றாம் நாள் திடலில் ஏற்கெனவே கூடாரமடித்துத் தங்கியிருந்தவர்கள் மாத்திரமே அனுமதிக்கப்பட்டனர். உள்ளே போக முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அமைப்பாளர்கள் அறிவித்தனர்.

மழைக்குச் சில்லர்மன் பொறுப்பாளி அல்ல என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால், திறந்தவெளியில் விழா நடத்துபவனுக்கு மழை எதிர்பாராத விருந்தாளி அல்ல. மாற்றுப் பாதை, வாகனங்கள், ஒதுங்குமிடம் ஆகியவற்றுக்கான செலவு அறிக்கைகளில் அழகாகத் தோன்றாது. புதிய விழாவொன்றை வாங்கிய செய்தியே பங்குச்சந்தைக்கு அழகாகத் தோன்றும்.

2016 பெப்ரவரி 1ஆம் திகதி எஸ்.எஃப்.எக்ஸ். வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி டெலவெயார் நீதிமன்றத்தை நாடியது. பிரதம நிறைவேற்று அதிகாரி பதவியில் இருந்து சில்லர்மன் விலகுவார் என்று அறிவிக்கப்பட்டது. 30 கோடி டொலருக்கும் அதிகமான கடனைக் கணக்கில் இருந்து நீக்கி, கடன் கொடுத்தோரையே உரிமையாளராக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஏ.ஈ.ஜி. லைவ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரண்டி பிலிப்ஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்த வருட டிசம்பரில் லைவ்ஸ்டைல் என்ற புதிய பெயருடன் கம்பனி வெளியே வந்தது. புதிய பெயர், புதிய தலைவர், கடன் குறைந்த கணக்கேடு. சில்லர்மன் 2019 நவம்பரில் காலமானார். மறைந்துவிட்ட ஒரு மனிதரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எனது நோக்கம் அல்ல. அவர் உருவாக்கிய முறைமை அவருக்குப் பின்னரும் உயிருடன் இருக்கிறது என்பதே எனது முறைப்பாடு.

ஆதாரம் வேண்டுமா? அதே இலெக்ட்ரிக் ஸூ விழாவைப் பாருங்கள். 2022இல் அது மீண்டும் கைமாறி நியூயோர்க்கின் அவன்ட் கார்ட்னர் நிறுவனத்திடம் சென்றது. 2023 செப்டெம்பரில் விழாவின் முதல்நாள் நிகழ்ச்சி கடைசி நேரத்தில் இரத்துச்செய்யப்பட்டது. மூன்றாம் நாள் திடல் நிரம்பிவிட்டது என்று கூறி, செல்லுபடியான நுழைவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் வாசலில் தடுக்கப்பட்டனர். தலைவர் மாறியிருந்தார், பெயர் மாறியிருந்தது, உரிமையாளரும் மாறியிருந்தார். பணம் கொடுத்தவன் மாத்திரம் எட்டு வருடங்களுக்கு முன்னர் நின்ற அதே வெளியில்தான் நின்றான்.

இதில் எமக்கென்ன என்று கேட்கக்கூடாது. இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களில் பலர் ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ வாழ்பவர்கள். நடக்கப்போகும் ஓர் இசைநிகழ்ச்சிக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே குடும்பத்துடன் நுழைவுச்சீட்டு வாங்கியிருப்பீர்கள். நீங்கள் பணம் செலுத்திய கணத்துக்கும் திரை விலகும் கணத்துக்கும் இடையில் அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? கணக்காளர்கள் அதை இன்னும் உழைக்கப்படாத வருமானம் என்று பொறுப்புகளின் பக்கத்தில் எழுதுவார்கள். எழுத்தில் அது பொறுப்பு. நடைமுறையில், தனிச் சட்டமோ உடன்படிக்கையோ தடுக்காதவிடத்து, அது கம்பனியின் கைக்காசு. சம்பளம் கொடுக்கலாம், வட்டி கட்டலாம், அடுத்த விழாவுக்கு முற்பணம் செலுத்தலாம். கம்பனி வீழ்ந்தால் பிணையுடன் கடன் கொடுத்தவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். நுழைவுச்சீட்டு வாங்கியவனும் மேடை அமைத்தவனும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவனும் அவர்களுக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான்.

இதற்கு மாற்று வழியே இல்லை என்று சொல்பவர்கள் சுற்றுலாத்துறையைப் பார்க்க வேண்டும். விமானப் பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து விற்கும் முகவர் வங்குரோத்தானால் பயணியின் பணம் திரும்பக் கிடைப்பதற்கு உத்தரவாதம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய சமூகம் 1990இலேயே விதித்தது. பிரிட்டனில் இத்தகைய பயணத்துக்கு ஆளுக்கு 2.50 பவுண் அறவிட்டுப் பொது நிதியம் ஒன்றைப் பேணுகிறார்கள். கடற்கரைக்குப் போகிறவனின் பணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, பாட்டுக் கேட்கப் போகிறவனின் பணத்துக்கு ஏன் இருக்கக்கூடாது?

கலைஞர்களுக்கு முற்பணம் கொடுக்க வேண்டும், நுழைவுச்சீட்டுப் பணத்தைப் பூட்டிவைத்தால் சிறிய அமைப்பாளர்கள் அழிந்துபோவார்கள் என்று பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. சொந்தப் பணத்தையும் நண்பர்களின் பணத்தையும் போட்டு விழா நடத்துபவர்களுக்கு அது பெரும் சுமை. ஆனால், சுற்றுலா முகவரும் விடுதிகளுக்கு முற்பணம் கொடுக்கிறவர்தான். அவருக்காகவே வங்கி உத்தரவாதம், காப்புறுதி, பொது நிதியம் என்ற வழிகள் வகுக்கப்பட்டன. சிறியவர்கள் ஒரு நுழைவுச்சீட்டுக்கு ஒரு சிறு தொகையைப் பொது நிதியத்துக்குச் செலுத்தட்டும். கடன் வாங்கி விழாக்களை விழுங்கும் பெரியவர்கள் பணத்தைத் தனிக்கணக்கில் வைக்கட்டும், நிகழ்ச்சி முடிந்த பின் எடுத்துக்கொள்ளட்டும். நாணயமான எந்த அமைப்பாளரும் இதற்குப் பயப்படத் தேவையில்லை.

அடுத்தமுறை ஓர் இசைவிழாக் கம்பனியின் புதிய தலைவர் புன்னகையுடன் பத்திரிகையில் தோன்றும்போது, அவரது கடந்தகாலச் சாதனைகளைப் பட்டியலிடுவதற்கு முன்னர் எமது இளம் செய்தியாளர்கள் அவரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: "இன்று நுழைவுச்சீட்டு வாங்கியவரின் பணம் இந்தக் கணத்தில் எந்தக் கணக்கில் இருக்கிறது?" அதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், மாறியிருப்பது புகைப்படம் மாத்திரமே.