அணைத்துவிட்டோமா?

அண்மையில் எங்கள் இல்லத்தின் முன்னறையில் பல்லாண்டுகள் உழைத்த மின்விசிறி ஓய்ந்துவிட்டது. அதற்கு ஈடாக, ரிமோட்டினால் இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்றை வாங்கினோம். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்வது. புதியதற்கோ அதில் பாதிகூட வேண்டுவதில்லை. மெயின் சுவிட்சை அணைத்தோம். பழையதைக் கழற்ற எங்கள் மகன் ஏணியில் கால் வைத்தான். "பொறு தம்பி" என்று அவனைத் தடுத்தார் மின்பணியாளராகிய பெரியவர். தாமே ஏறிக் கம்பியின் முனையில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது! மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டர் தன் பணியைத் தொடங்கிவிட்டதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது.

அன்று நாங்கள் கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

விசிறி நின்றுவிட்டதால் மின்சாரம் நின்றுவிட்டது என்று எண்ணலாகாது. ரிமோட்டின் கட்டளைக்காக விசிறியினுள் இருக்கும் மின்னணுப் பலகை எந்நேரமும் விழித்திருக்கும். ஆகவே அதற்கு மின்சாரம் சென்றுகொண்டேயிருக்கும். சுவர் சுவிட்சையும் முழுமையாக நம்புவதற்கில்லை. ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்சைச் சில வீடுகளில் தவறாக நியூட்ரலில் அமைத்திருப்பர். அங்கே சுவிட்சை அணைத்தாலும் கம்பியில் 230 வோல்ட் காத்திருக்கும். ஆகவே மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் பின்னர் டெஸ்டரால் ஒவ்வொரு கம்பியையும் சோதிக்க வேண்டும். அந்த டெஸ்டர் பழுதற்றதா என்பதை, மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் முன்னதாகவே பார்த்துக்கொள்வது நலம்.

இனி இணைப்பு முறையைக் காண்போம். பழைய ரெகுலேட்டர் வழியே இவ்விசிறிக்கு மின்சாரம் செல்லலாகாது. மின்னணுப் பலகை பழுதாகிவிடும். ரெகுலேட்டரை நீக்கி, அதன் இரு கம்பிகளையும் கனெக்டரில் நேராக இணைத்துவிட வேண்டும். சுவர் சுவிட்சையோ நீக்கலாகாது. ஃபேஸ் கம்பியில் அது இருந்தே ஆக வேண்டும். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது நம் நாட்டில் வழங்கிவந்த முறை. ஆயினும் பழைய வீடுகளில் நிறத்தை நம்பாமல் சோதித்தே இணைக்க வேண்டும். பச்சைக் கம்பியைச் சுருட்டி மூடிக்குள் மறைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. விசிறியின் உலோக உடலில் மின்கசிவு நேரும்போது நம்மைக் காப்பது அக்கம்பியே. கொக்கியில் மாட்டும் போல்ட்டில் நட்டை முறுக்கியதோடு நில்லாமல், ஸ்பிளிட் பின்னையும் செருக வேண்டும். அதிர்வினால் நட்டு கழன்றாலும் விசிறி விழாது. பெட்டியிலுள்ள விளக்கத்தாளின்படி இவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்வது சாலச் சிறந்தது. அருகில் நின்று கவனிப்பது நம் கடமை.

இறுதியாக, இல்லத்தரசியருக்கு ஒரு சொல். ரிமோட்டில் விசிறியை நிறுத்திவிட்டு, இறக்கையைத் துடைக்க ஸ்டூலின்மீது ஏறுகிறீர்கள். கீழே குழந்தையின் கையில் ரிமோட்! விளையாட்டாக அது ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? ஆகவே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, ரிமோட்டை உங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள். ஒரு நிமிடத் தாமதம் எவருக்கும் இழப்பன்று.