மங்கு விழுந்த முகங்களும் நாமும்

முகத்தில் மங்கு விழுவதை மலேசியாவின் சிலிம் ரிவர் தமிழர்களாகிய நாம் ஒரு நோயாக மதித்ததே இல்லை. 'ஜெராகாட்' என்று ஒரு மலாய் வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். ஆனால் கல்யாண வீட்டில் மங்கு விழுந்த பெண் எதிரே வந்தால் மட்டும் விடுவதில்லை. "என்னம்மா, மூஞ்சி இப்படிக் கறுத்துப் போச்சு?" என்று நாலு பேர் நடுவில் கேட்கிறோம். அக்கறையாகக் கேட்பதாகத்தான் நினைப்பு. கிளினிக்குக்குப் போனாயா, டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. துரோலாக், பேராங் பக்கத்துத் தோட்டங்களில் நம் அம்மாக்களும் ஆயாக்களும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால் மரம் வெட்டிய காலத்திலாவது தலைக்கு மேல் ரப்பர் இலைகளின் நிழல் இருந்தது. வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு இளங்கன்றுகளுக்கு உரம் போட்டவர்களுக்கும் அந்த நிழலும் இல்லை. உச்சி வெயிலில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டின் மேலும் பழுப்புப் படலம் படர்ந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து உண்டு, வெட்டுக்காயத்துக்குக் கட்டு உண்டு. மங்குக்காக அங்கே போய் நிற்கலாம் என்று அவர்களுக்கு யார் சொன்னோம்? கிரகம் சரியில்லை என்றோம், ரத்தம் கெட்டுப்போச்சு என்றோம். வீட்டு ஆண்கள் அதுகூடச் சொல்லவில்லை.

உண்மையில் இது கிரகமும் இல்லை, அழுக்கும் இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் வெயிலாலும் ஹார்மோன்களாலும் தூண்டப்பட்டு, தேவைக்கு மேல் நிறமியைச் சுரக்கின்றன. கர்ப்ப காலத்தில் வரும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது வரும், குடும்ப வழியாகவும் வரும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு அதிகம் வரும். அடுப்புச் சூடுகூட அதைக் கிளறும். தோட்டம் மூடியபின் சாலையோரத்தில் காலையிலிருந்து வடைச் சட்டிக்கு முன்னால் நிற்கும் அக்காக்களின் முகத்தைப் பாருங்கள், புரியும். தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மங்கிய பிறகும் திரும்ப வரும். ஆறு மாதம் கவனமாக இருந்து தெளிந்த முகம், நாலு நாள் வெயிலில் அலைந்தால் பழையபடி ஆகிவிடலாம். சர்க்கரை நோய் மாதிரிக் கூடவே வைத்துப் பராமரிக்க வேண்டிய ஒன்று இது. சர்க்கரைக்குப் பத்தியம் சொல்லத் தெரிந்த நமக்கு இதற்கு எதுவும் தெரியவில்லை.

நாம் விட்ட இடைவெளியில் நுழைந்தது பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையின் கிரீம். பகலுக்கு ஒரு டப்பா, இரவுக்கு ஒரு டப்பா, கூடவே ஒரு சோப்பு. டப்பாவில் தயாரித்தவர் பெயர் இருக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இருக்காது. இப்போது கைப்பேசியிலேயே ஆர்டர் எடுத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். பூசினால் சில வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது. அப்போது நாம் என்ன செய்தோம்? "எந்தக் கிரீம், எனக்கும் ஒன்று வாங்கிக் கொடு" என்றோம். அதை நிறுத்தியதும் முகம் சிவந்து, எரிந்து, பருவெடித்து, மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பியபோது பூசியவள் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். நாமும் தேடிப் போகவில்லை.

நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இப்படிப்பட்ட கிரீம்களின் பெயர்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகியவை அவற்றில் அகப்படுகின்றன. அந்தப் பெயர்ப் பட்டியலை நம் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒருமுறையாவது ஒட்டினோமா? பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தில் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் ஓர் அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். கால் வீங்குவதும் சிறுநீர் நுரைப்பதும் முகக் கிரீமால் வரலாம் என்று நம் வீடுகளில் யாருக்குத் தோன்றும்?

பராமரிப்பு என்பது பெரிய வித்தையும் இல்லை. வெளியே போகுமுன் முகம், கழுத்து முழுக்கச் சன்ஸ்கிரீன், வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். நிறம் கலந்த வகை இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுக்கும். அகன்ற தொப்பி. அந்தக் கிரீம்களில் அகப்படும் ஹைட்ரோகுயினோன்கூடத் தன்னளவில் கெட்ட மருந்தில்லை. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன மாதங்கள் பூசி, அவர் சொல்லும்போது நிறுத்த வேண்டிய மருந்து. கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் பூசினால் தோல் நீலம் பாய்ந்து கறுத்துவிடும். கர்ப்பிணி என்றாலும், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் சொல்ல எளிது. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு ஒரு குழாய் சன்ஸ்கிரீன் விலை யோசிக்க வைக்கும். அதைப் புடவைச் செலவோடு சேர்த்து 'மேக்கப்' என்று கேலி செய்த ஆண்கள் நாம். கோயில் மண்டபத்தில் கண் முகாம் வைத்தோம், இரத்த தானம் வைத்தோம். ஒரு தோல் மருத்துவரை அழைத்து அரைநாள் உட்காரவைக்க யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் நம்மவர்களே தொப்பி வாங்கிக் கொடுக்கவில்லை. சமையல் பந்தலில் ஒரு காற்றாடியும் போடவில்லை.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஊரிலேயே மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து கடிதம் கிடைத்தால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். பூசிய டப்பாவையும் கையோடு கொண்டு போக வேண்டும். மங்குக்காக வருபவள் என்ன பூசினாள் என்று தெரியாமல் மருத்துவர் எதை நிறுத்தச் சொல்வார்? ஆனால் ஈப்போ ஏறக்குறைய 100 கிலோமீட்டர். போய்வர ஒரு பகல் ஆகும், அன்றைய கூலி போகும். அந்தப் பகலில் அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நம்மில் யாரும் போனதில்லை.