மரண அறிவித்தல்களில் உடைந்துபோகும் முகங்கள்

தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கங்களைப் புரட்டுபவர்களுக்கு இக்காட்சி புதியதல்ல. ஒரு முகம் தெளிவாக இருக்கும்; அதற்கு அடுத்த முகம் சிறுசிறு சதுரங்களாக உடைந்து கிடக்கும். கண் எங்கே முடிகிறது, கண்ணாடிச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கீழே பெயர் எழுதப்பட்ட எழுத்துகளின் விளிம்புகளும் பல் பல்லாகத் தெரியும். நினைவு மலர்களிலும், கோயில் திருவிழாப் பதாகைகளிலும், நூல் வெளியீட்டு அழைப்பிதழ்களிலும் இதே கதைதான். குடும்பத்தாரைக் கேட்டால் "அச்சகத்தில் கெடுத்துவிட்டார்கள்" என்பார்கள். அச்சகத்தாரைக் கேட்டால் "எங்களுக்கு வந்ததே இப்படித்தான்" என்பார்கள். முப்பது வருடங்களாகப் பத்திரிகைப் பக்கங்களோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான வேளைகளில் அச்சகத்தார் சொல்வதே உண்மை.

இதன் காரணத்தை அறியக் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கணினியில் படம் இரு வகையாக வாழ்கிறது. ஒன்று, புள்ளிகளால் ஆன படம். கமராவில் எடுக்கும் புகைப்படம் இவ்வகை. அதிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை எடுத்த கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. மற்றையது வெக்டர் எனப்படும் கோட்டுரு. அதில் புள்ளிகள் இல்லை. இந்த இடத்தில் தொடங்கி, இப்படி வளைந்து, அந்த இடத்தில் முடி என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. 1960களில் பிரான்சின் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில், ரெனோவின் பியேர் பெசியேயும் சிற்றோயனின் போல் த காஸ்தல்ஜோவும் வாகன உடலின் வளைவுகளை வரைவதற்காக வளர்த்தெடுத்த கணிதம் அது. 1987இல் வெளிவந்த இலஸ்ட்ரேட்டரும் 1989இல் வெளிவந்த கோரல் ட்ரோவும் அந்த வளைகோடுகளின் மீதே நிற்கின்றன. கணக்காக இருப்பதனால், முத்திரை அளவில் வரைந்ததை மதில் அளவுக்குப் பெருப்பித்தாலும் கோடு உடையாது.

அப்படியாயின் கோரல் ட்ரோவில் செய்த அறிவித்தல் ஏன் உடைகிறது? வடிவமைத்து முடித்தபின் அதை ஜேபெக் படமாக எக்ஸ்போர்ட் செய்யும் அந்த ஒரு கணத்தில்தான் உடைகிறது. அப்போது மென்பொருள் கணக்கையெல்லாம் எறிந்துவிட்டுப் புள்ளிகளாக்கிக் கொடுக்கிறது. எத்தனை புள்ளி என்று ஒரு சிறு பெட்டியில் கேட்கும். பலர் அதைப் படிப்பதேயில்லை. ஏ4 தாளளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் எக்ஸ்போர்ட் செய்தால் கிடைப்பது 595க்கு 842, அதாவது ஏறத்தாழ 5 இலட்சம் புள்ளிகள். அதே பக்கம் 300 என்ற கணக்கில் 2480க்கு 3508, ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். கணினித் திரையில் முழுப்பக்கமாகப் பார்க்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தாளில் ஏறும்போதுதான் பதினேழு மடங்கு வித்தியாசம் முகத்தில் அறைகிறது.

இந்தக் குறை ஆங்கிலத்தைவிடத் தமிழை அதிகம் வதைக்கிறது என்பதை இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும். நமது எழுத்துகள் சுழிகளாலும் புள்ளிகளாலும் ஆனவை. இரண்டு சுழி 'ன'வுக்கும் மூன்று சுழி 'ண'வுக்கும் ஒரேயொரு சுழிதான் வேறுபாடு. மனம் எது, மணம் எது என்பதை அந்தச் சுழியே தீர்மானிக்கிறது. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியோ, சிறிய எழுத்தில், ஊசிமுனையளவுதான். போதிய புள்ளிகள் இல்லாத படத்தில் சுழி அடைபட்டுப் போகும். மெய்ப்புள்ளி மறைந்தே போகும். யாழ்ப்பாணத்தில் 'கல்வெட்டு' என்று நாம் அழைக்கும் நினைவு மலர்களின் பின்பக்கத்தில் வம்சாவழி அச்சிடும் வழக்கம் உண்டு. நான்கு தலைமுறைப் பெயர்கள் மிகச் சிறிய எழுத்தில் அடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தையே மங்கலான ஜேபெக்காக அனுப்பிவிடுகிறார்கள். பாட்டனின் பெயரைப் பேரன் ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும்.

வடிவமைப்பாளர்கள் ஜேபெக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் சோம்பலினால் அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளே குப்பையாகக் கொட்டும். அந்த அவமானத்துக்கு அஞ்சித்தான் "படமாக்கி அனுப்பிவிடு" என்ற பழக்கம் வேரூன்றியது. ஒரு காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று இல்லை. பீ.டி.எப். கோப்பு 1993இல் வந்தது; 2008 முதல் அது சர்வதேசத் தரநிலையாகவும் இருக்கிறது. எழுத்துருவையும் கோட்டுருவையும் உள்ளே வைத்தே அது கொண்டுசெல்லும். அப்படியும் நம்பிக்கை வராதவர்கள், கோப்பின் ஒரு பிரதியில் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி அனுப்பலாம். மூலக்கோப்பை மட்டும் எழுத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நாளை ஒரு பிழையைத் திருத்தவும் வழியிராது.

செய்ய வேண்டியவை சிலவே. அச்சுக்குப் பீ.டி.எப். அனுப்புங்கள். ஜேபெக்தான் வேண்டும் என்று கேட்டால் அச்சிடும் அளவிலேயே 300 என்று குறித்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பத்திரிகைத் தாளுக்கு 200 அளவிலும் சமாளிக்கலாம். எழுத்துக்கு இடும் நிழலும் ஒளிவட்டமும் வெக்டர் மென்பொருளுக்குள்ளும் புள்ளிகளாகவே உருவாகின்றன என்பதை மறவாதீர்கள். அவற்றுக்கான அமைப்பையும் 300க்கு உயர்த்துங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கப்பட்டே போய்ச் சேரும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

எக்ஸ்போர்ட்டைச் சரிசெய்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. கோரல் ட்ரோவுக்குள் வைத்ததனால் மட்டும் ஒரு புகைப்படம் வெக்டர் ஆகிவிடாது. 600 புள்ளி அகலமுள்ள படத்தை இரண்டு அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 300 கிடைக்கும். ஆறு அங்குலத்துக்கு இழுத்தால் 100தான். 1995இன் இடப்பெயர்விலும் 2009இன் இறுதி யுத்தத்திலும் அல்பங்களை இழந்த குடும்பங்களுக்கு, இறந்தவரின் முகமாக எஞ்சியிருப்பது சிலவேளை அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டுமே. அதைக் கைத்தொலைபேசியில் சாய்வாகப் படமெடுத்து அனுப்பாமல், ஸ்கானரில் 1200 புள்ளிக் கணக்கில் வருடினால், ஓர் அங்குலப் படம் நான்கு அங்குலம்வரை கட்டங்களாக உடையாமல் தாங்கும். மூலப்படத்தில் இல்லாத தெளிவு அதனால் வந்துவிடாது; இருப்பது சிதையாமல் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால், படத்தைச் சிறிதாகப் போடுவதே மரியாதை.

செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்பார்கள் இளைஞர்கள். மங்கிய முகத்தைக் கொடுத்தால் கணப்பொழுதில் பளபளப்பாக்கித் தருகிறது, உண்மைதான். ஆனால் அது இழந்த விபரத்தை மீட்பதில்லை. இல்லாததை ஊகித்து வரைகிறது. அந்தக் கண்மடலும் கன்னத்துச் சுருக்கமும் பிற முகங்களிலிருந்து கற்றவை. அம்மாவின் முகமென்று நாம் மாலையிடுவது யாருடையதுமல்லாத ஒரு முகமாக இருக்கக்கூடும். உடைந்த படம் குறையுள்ள படம். அதுவோ பொய்யான படம். இரண்டில் எதையாவது தெரிவு செய்ய நேர்ந்தால் குறையுள்ளதையே நான் தெரிவு செய்வேன்.

பத்திரிகை நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. அறிவித்தலுக்குப் பணம் வாங்கும் கருமபீடத்திலேயே படத்தின் புள்ளி அளவைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களிடம், அச்சான பின் "நீங்கள் தந்தது அப்படி" என்று சொல்வது தொழில் தர்மமாகாது. வடிவமைப்பு நிலையங்களும் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு ஜேபெக்கை நீட்டுவதோடு நின்றுவிடாமல், பீ.டி.எப்.பையும் மூலக்கோப்பையும் குடும்பத்திடம் கையளிக்க வேண்டும். குடும்பங்களும் அதை உரிமையோடு கேட்டு வாங்க வேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நமது நினைவு மலர்களும் ஆவணங்களாகச் சேர்ந்துவருகின்றன. அச்சில் உடைந்தது அங்கும் உடைந்தே கிடக்கும்; எந்த ஸ்கானரும் அதை ஒட்டவைக்காது. பணக்காரராயினும் ஏழையாயினும் எம்மவர்களுள் பெரும்பாலானோரின் முகம் பத்திரிகையில் வருவது வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான், அதுவும் அவர்கள் இறந்த பின்பு. அந்த ஒரு தடவையாவது முகம் முகமாக வரட்டும்.