அரசு வக்கீலின் கணக்கை யார் பார்ப்பது?

மாவட்ட நீதிமன்ற வராந்தாவில் ஒயர் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய் என்னைக் கேட்டார்: "நமக்கு வக்கீல் யாரு தம்பி?"

அவருடைய மகனைத் தாக்கிய வழக்கு அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகி, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சாட்சி விசாரணை வரை வந்திருந்தது. அன்று அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலை அவருக்கு அடையாளம் தெரியும். தன் தரப்பில் பேசப்போகிறவரைத்தான் தெரியவில்லை. கையில் கட்டோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "அவர்தாம்மா" என்றேன். "அவரு கவர்மெண்டு வக்கீலாச்சே. நமக்கு யாரு?" என்று திரும்பவும் கேட்டார்.

அந்தத் தாயின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சம்பவம் நடந்த நாளில் இருந்து அன்றுவரை, "நான்தான் உங்களுக்காக வாதாடப் போகிறேன்" என்று யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை. போலீசில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைக் கூண்டில் ஏறும் முன்பு ஒருமுறை படித்துக்காட்டவும் ஆளில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். குற்ற வழக்கு என்பது பாதிக்கப்பட்டவருக்கும் அடித்தவருக்கும் இடையிலான சண்டை அல்ல. குற்றம் சமூகத்துக்கே எதிரானது என்பதால் வழக்கை அரசு நடத்துகிறது. அரசின் சார்பில் நீதிமன்றத்தில் நிற்பவர் அரசு வழக்கறிஞர். வன்கொடுமை வழக்குகளுக்கென்றே சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. அவர் குறைந்தது 7 ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் தருவது மக்களின் வரிப்பணம். அதில் சேரி மக்கள் கட்டும் வரியும் உண்டு. ஆகவே அந்தத் தாய்க்குச் சரியான பதில்: கவர்மெண்டு வக்கீல்தான் நம் வக்கீல்.

நம் வக்கீல் என்றால், அவர் இந்த ஆண்டு என்ன செய்தார் என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்க நகரங்களில் நகர வழக்கறிஞர் என்று ஒரு பதவி உண்டு. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ போன்ற ஊர்களில் அந்தப் பதவிக்கு மக்களே வாக்களித்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வசிக்கத் தகாத வீடுகளை வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் மீதும், ஏமாற்று வணிகம் செய்யும் நிறுவனங்கள் மீதும் அந்த அலுவலகம் மக்கள் பெயரால் வழக்குத் தொடுக்கும். சான் டியாகோவில் சிறு குற்ற வழக்குகளை நடத்துவதும் அந்த அலுவலகம்தான். ஆபத்தானவர்களிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்க நீதிமன்ற உத்தரவு வாங்குவதும் அதன் வேலை. குடியிருப்போரின் பாதுகாப்புக்காக அந்த ஆண்டில் என்னென்ன செய்தோம் என்று இத்தகைய அலுவலகங்கள் ஆண்டறிக்கை வெளியிடுவதும் உண்டு.

அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. போலீஸ் அடித்தது என்று ஒரு கறுப்பினத்தவர் நகரத்தின் மீது வழக்குப் போட்டால், நகரத்துக்காக எதிரே நின்று வாதாடுவதும் இதே அலுவலகம்தான். தேர்தலில் நிற்பவர் தன் சாதனையைப் பெருக்கித்தான் எழுதுவார். ஆனாலும் எழுதிய அறிக்கை கையில் இருந்தால் கேள்வி கேட்கலாம். "போன வருடம் இத்தனை வழக்கு என்றீர்களே, எங்கள் தெரு வழக்கு என்ன ஆனது?" என்று பிடிக்கலாம். எழுதாத அறிக்கையை எப்படிப் பிடிப்பது?

நம் ஊரில் இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

வன்கொமைத் தடுப்பு விதிகள் 1995இல் வந்தன, 2016இல் திருத்தப்பட்டன. அவற்றில் 4ஆவது விதியைக் கல்லூரி மாணவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை மாவட்ட ஆட்சியரும் அரசுத் தரப்பு வழக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரியும் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு வழக்கறிஞர் தன் திறமைக்கேற்ப அக்கறையோடு வழக்கை நடத்தவில்லை என்று தெரிந்தால், காரணத்தை எழுதிவைத்து அவரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். இதுபோக, வழக்குகளின் நிலை பற்றியும், சாட்சிகளின் உரிமைகள் காக்கப்படுகின்றனவா என்பது பற்றியும் மாதந்தோறும் அறிக்கை போக வேண்டும். அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்று நாள்கூடக் குறித்திருக்கிறார்கள்.

ஆக, கணக்கு எழுதச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கிளம்பித் தலைமைச் செயலகத்துக்குப் போகிறது. வழியில் எந்தக் காலனியிலும் அது இறங்குவதில்லை. யாருடைய வழக்கோ அவருக்கு அது தெரிவதில்லை. என் வாதமெல்லாம் இந்த ஒரு புள்ளியில்தான்: ஆட்சியர் செய்யும் இந்த ஆய்வு ஆண்டுக்கொருமுறை மக்கள் முன்னால் வைக்கப்பட வேண்டும்.

ஒரு வழக்கறிஞர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பார்க்கட்டும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அந்தப் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது முக்கிய சாட்சி பிறழ்ந்தார். வழக்கு கைநழுவுகிறது என்று உணர்ந்த தாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். வேறு வழக்கறிஞர் வேண்டும், வேறு ஊரில் விசாரணை வேண்டும் என்று போராடினார். மூத்த வழக்கறிஞர் பவானி பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். வழக்கு மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. பிறழ்ந்த சாட்சி பிறழ்ந்தபடியேதான் இருந்தார். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவும் மற்ற சான்றுகளும் வழக்கைத் தாங்கி நின்றன. சான்றுகளைக் கோத்து நீதிமன்றத்தின் முன் வைக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதே வித்தியாசம்.

கண்ணகி–முருகேசன் வழக்கைப் பாருங்கள். விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் அந்த இளம் தம்பதிக்கு விஷம் கொடுத்து எரித்தார்கள். மகனைப் பறிகொடுத்த தந்தையையே உள்ளூர் போலீஸ் முதலில் குற்றவாளிகளில் ஒருவராகச் சேர்த்தது. வழக்கு சிபிஐக்குப் போன பிறகும் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. அன்று 13 பேர் குற்றவாளிகள் என்று கடலூர் நீதிமன்றம் சொன்னது. அவர்களில் இருவர் போலீஸ்காரர்கள். அவர்களில் பெரும்பாலானோர் குற்றவாளிகள் என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில் 18 ஆண்டுகள் ஒவ்வொரு ஜனவரியும் ஒவ்வொரு ஜூலையும் வந்து போயின.

இந்த இரண்டும் ஊரறிந்த வழக்குகள். பத்திரிகைகள் எழுதின, இயக்கங்கள் துணை நின்றன. பெயர் தெரியாத வழக்குகள்தான் அதிகம். டீக்கடையில் அடித்தது, பாதையை மறித்தது, சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, பள்ளிக்கூடப் பையனைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டது. அவற்றில் வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடும். கூலியை விட்டுவிட்டு வந்து வந்து சாட்சிகள் சலித்துப் போவார்கள். எதிர்த்தரப்பு சமரசம் பேசும், மிரட்டும், கடனை நினைவூட்டும். கடைசியில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

அதோடு போனாலும் பரவாயில்லை. மறுநாளே ஊரில் "பொய் கேஸு போட்டானுங்க, தள்ளுபடி ஆயிடுச்சு" என்று பேச்சு கிளம்பும். விடுதலை என்றால் சம்பவமே நடக்கவில்லை என்று பொருளாகிவிடுகிறது. இந்தப் பேச்சு நம் ஊர் டீக்கடையோடு நிற்பதில்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுவதாகக் கருதி, கைதுக்கு முன்அனுமதி போன்ற நிபந்தனைகளை விதித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாடே கொந்தளித்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அந்த நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றது. பட்டியல் சாதியினர் என்பதாலேயே அவர்கள் பொய்ப் புகார் தருவார்கள் என்று கருத முடியாது என்றும் சொன்னது.

எத்தனை வழக்கு, எத்தனை விடுதலை என்ற எண் மட்டும் வெளியே தெரிகிறது. ஏன் விடுதலை என்ற காரணம் தெரிவதில்லை. சாட்சி ஏன் பிறழ்ந்தார்? அவருக்குப் பாதுகாப்பு கேட்கப்பட்டதா? விசாரணை அதிகாரி சாதிச் சான்றிதழை இணைக்க மறந்தாரா? விடுதலைக்கு எதிராக மேல்முறையீடு செய்யும்படி அரசு வழக்கறிஞர் பரிந்துரைத்தாரா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிய ஓர் ஆண்டறிக்கை இருந்தால், 'பொய் கேஸ்' என்ற பேச்சின் பாதி செத்துவிடும். அறிக்கை இல்லாதவரை, வழக்கு நடத்தியவரின் தோல்வி பாதிக்கப்பட்டவரின் பொய்யாகவே எழுதப்படும்.

அரசு வழக்கறிஞர்கள் எல்லோரும் அக்கறையற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஆளின் தலையில் ஏராளமான கட்டுகளை ஏற்றிவிட்டு, உதவிக்கு ஆளும் தராமல் வேலை வாங்குவதையும் பார்க்கிறோம். நேர்மையாக உழைக்கும் வழக்கறிஞருக்கு இந்த அறிக்கை கேடயம். "எனக்கு இத்தனை வழக்கு, இவ்வளவு பளு" என்று அவரும் சொல்ல ஓர் இடம் கிடைக்கும்.

அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே நம் கையில் இருப்பவை சில உண்டு.

பிணை மனு உட்பட வழக்கின் எந்த நடவடிக்கையையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறது 15அ பிரிவு. இது கட்டாயம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரியாமல் பிணை கொடுத்தால் அதை எதிர்க்கலாம்.

அரசு வழக்கறிஞர் மீது நம்பிக்கை இல்லையென்றால், திறமையான மூத்த வழக்கறிஞரை நியமிக்கும்படி ஆட்சியரிடம் மனுக் கொடுக்க 4ஆவது விதியின் 5ஆவது உட்பிரிவு வழி செய்கிறது. கட்டணத்தை அரசு தரும்.

சாட்சி சொல்லப் போகும் பஸ் செலவும், விவசாயக் கூலிக்குக் குறையாத தினப்படியும், சாப்பாட்டுச் செலவும் தர வேண்டும் என்கிறது 11ஆவது விதி. மூன்று நாளுக்குள் தர வேண்டும். எத்தனை பேர் இதை வாங்கியிருக்கிறோம்?

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒரு வெள்ளைத்தாளும் 10 ரூபாய்க் கட்டணமும் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சென்ற ஜனவரியிலும் ஜூலையிலும் ஆய்வு நடந்ததா, எந்தத் தேதியில் நடந்தது, அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு எத்தனை முறை கூடியது என்றும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை ஊர் நூலகத்திலோ கிராமசபையிலோ எல்லோரும் கேட்கும்படி வாசியுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் படிப்புதான்.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பார்கள். ஏறுவதற்குத்தான் அரசு சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறது. அவர் ஏற்றினாரா இல்லையா என்று பார்ப்பது நம் வேலை.

அந்தத் தாய் அன்று கூண்டில் ஏறவில்லை. சாட்சி விசாரணை தள்ளிப்போனது. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது, "அந்த வக்கீலு பேரு என்ன தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அதை மறக்காமலிருக்க, தன் பேரனைக் கூப்பிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு முன்பே அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்.