மூன்று மில்லிமீட்டர்



கோடை விடுமுறை நெருங்கும்போது, "ஐயா, குடும்பமாகக் காரில் போகிறோம், பயணத்திற்காக ஜெபியுங்கள்" என்று கேட்டு வருகிறவர்கள் அநேகர். சந்தோஷமாய் ஜெபிக்கிறேன். ஆனால் சில ஆண்டுகளாக ஜெபத்திற்கு முன் ஒரு கேள்வியையும் கேட்டு வருகிறேன். பிரேக் பேடைக் கடைசியாக எப்போது அளந்து பார்த்தீர்கள்? பெரும்பாலும் வருகிற பதில், "சத்தம் ஒன்றும் இல்லையே ஐயா" என்பதே.

அந்தப் பதில் போதாது என்பது என் திண்ணமான கருத்து.

புதிய பேடில் உராயும் பொருள் ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறையும்போது மாற்றிவிட வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. பல பேடுகளில் ஒரு சிறு உலோகத் தகடு உண்டு. தேய்மானம் எல்லையை நெருங்கும்போது அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். எல்லாப் பேடுகளிலும் அது இல்லை. இருந்தாலும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டும் போட்டுக்கொண்டு (அவை நம்முடைய பாமாலைப் பாடல்களாகவே இருக்கட்டும்) போகிறவருக்கு அது கேட்பதில்லை. கரகரவென்ற சத்தமோ எச்சரிப்பு அல்ல. இரும்போடு இரும்பு உராயத் தொடங்கிவிட்டது என்ற செய்தி. பேடோடு முடியவேண்டிய செலவு அப்போது டிஸ்க்குக்கும் சேர்த்து வரும்.

கால் சொல்லுமே என்பார்கள். காலும் சொல்லாது. தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கிறது. பேடு மெலிய மெலியப் பிஸ்டன் தானே முன்னேறி வந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடுவதால், பெடல் பழையபடியே இருப்பதாகத் தோன்றும். பிஸ்டன் முன்னேறிய இடத்தைப் பிரேக் ஆயில் நிரப்புவதால், மேலே டப்பாவில் அதன் மட்டம் இறங்கும். இது வண்டி நமக்குக் காட்டும் நேர்மையான அடையாளம். நாம் செய்வதென்ன? டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆயிலை ஊற்றி நிரப்பச் சொல்லுகிறோம். விளக்கு அணைந்துவிடுகிறது, பேடு அப்படியே மெலிந்திருக்கிறது. மட்டம் குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள், ஆயில் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். ஊற்றுவது அதற்குப் பின்பு.

ஊருக்குள் ஓட்டும்வரை இந்தக் குறை வெளிப்படாமலே இருக்கலாம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அது வெளிப்படும். ஓயாமல் அழுத்தப்படும் பிரேக் கொதிக்கச் சூடேறுகிறது. மெலிந்த பேடு அந்தச் சூட்டைத் தடுக்காமல் ஆயிலுக்குக் கடத்திவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பல ஆண்டுகள் மாற்றாத ஆயில் ஈரமேறி, குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் எதிர்ப்பின்றி அடிவரை இறங்கிவிடும். முன்னே வளைவு இருக்கும்.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. ஒருவன் விழுந்து, அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்கவே அது கொடுக்கப்பட்டது. யாராவது விழுந்த பின்பு கட்டும்படி அங்கே சொல்லப்படவில்லை. பிரேக்கை நான் அந்தச் சுவரோடு சேர்த்தே எண்ணுகிறேன். அது நமக்காக மட்டுமல்ல. சாலையைக் கடக்கிற, நம் வண்டியின் நிலையை அறியாத பிள்ளைக்காகவும் இருக்கிறது. ஆகையால் "இன்னும் கொஞ்சம் ஓடும்" என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு முழுமையாக இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில் எதிர்பாராத செலவு எவ்வளவு பாரம் என்பதை அறிவேன். மேலும், ஒர்க் ஷாப்பில் "எல்லாம் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்றவுடன் தலையாட்டுவதும் உத்தமமான உக்கிராணத்துவம் அல்ல. சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உட்புறப் பேடையும் பாருங்கள். வெளிப்புறத்தைவிட அது அதிகமாய்த் தேய்ந்திருப்பது உண்டு. 6 மில்லிமீட்டர் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். அளவையும் கிலோமீட்டரையும் குறித்துவைத்து, அடுத்த சர்வீஸில் மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். 4 இருந்து, முன்னே மலைப்பயணமும் இருந்தால், மாற்றிவிட்டுப் போங்கள் என்பேன். பணம் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று எல்லாருக்கும் பொதுவான கணக்குச் சொல்ல முடியாது. நகர நெரிசலில் ஓடும் வண்டியும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியும் ஒரேவிதமாய்த் தேய்வதில்லை. மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லையென்றால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பின்சக்கரங்களில் டிரம் இருந்தால், அதையும் கழற்றி உள்ளிருக்கும் ஷூவைப் பார்க்கவேண்டும்.

புதிய பேடு போட்டவுடன் வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடலைப் பலமுறை அழுத்தி அது கெட்டிப்படுகிறதா என்று பாருங்கள். முதல் அழுத்தத்தில் அது அடிவரை இறங்கக்கூடும். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை திடீரென்று பலமாய் மிதிக்காமல் ஓட்டுங்கள். ஆகவே மலைக்குப் புறப்படும் நாளின் காலையில் அல்ல, இரண்டு வாரங்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.